சுருக்கமான, பயனற்ற பந்துவீச்சு

என் பெயரைக் கணினியில் தட்டிப் பாருங்கள். டெல்மர் விட்டெக், இடது கை வீச்சாளர், சொந்த ஊர் நெப்ராஸ்கா. பெரிய லீக்கில் ஐந்து அணிகள், நாற்பத்தேழு ஆட்டங்கள். வெற்றி பூஜ்யம். தோல்வியும் பூஜ்யம். யாரையும் ஜெயிக்க வைக்காமல், தோற்கவும் வைக்காமல் பதினான்கு வருஷம் ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டால், முடியும். வானிலை அறிக்கை வாசிப்பவர்களும் நானும் அதற்குச் சாட்சி.

பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தை அணி ஜெயித்தால் மட்டும் போதாது. அந்த வெற்றியை ஒரே ஒரு வீச்சாளனின் பேரில் எழுதியாக வேண்டும். அணி எப்போது கடைசியாக முன்னிலைக்கு வந்ததோ, அதற்குச் சற்று முன்புவரை யார் வீசிக்கொண்டிருந்தானோ அவன் பேரில். மற்றவர்கள் கை தட்டலாம்.

என் வேலை அப்படிப்பட்ட நேரங்களுக்கு ஏற்றதல்ல. எதிர் அணியில் இடது கையால் அடிக்கும் முரடன் ஒருவன் இருப்பான். இடது கை வீச்சு அவனுக்கு ஆகாது; அவன் ஒருவனுக்காக என்னைக் கூப்பிடுவார்கள். நான்கு பந்து எறிவேன். பாதி நாட்கள் அவன் அவுட் ஆவான். உடனே மேனேஜர் நான் நின்று வீசும் மேட்டுக்கு ஏறி வந்து என் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொள்வார். வெற்றியும் தோல்வியும் முடிவாகும் நேரத்தில் நான் உள்ளே தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு பிரெட்டில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பேன்.

அதிலும் மண் அள்ளிப் போட்டார்கள். ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டுமாம். ரசிகர்கள் வீட்டுக்குப் போக வேண்டுமாம். அதனால் உள்ளே வரும் வீச்சாளன் எவனும் குறைந்தது மூன்று பேருக்கு வீச வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். எனக்கு ஒருவனைத்தான் சமாளிக்கத் தெரியும். மூன்று பேருக்கு நான் எங்கே போவேன்? கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு குளிர் அறையில் உட்கார்ந்து என்னைப் போல அறுபது பேரின் பிழைப்பை ஒரு மதியத்தில் முடித்து வைத்தார்கள். ரசிகர்கள் வீட்டுக்கு எத்தனை நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாராவது விசாரித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு என்னை வைத்திருந்தது பொம்மைக் கொலுவுக்குத்தான். மைதானத்தின் கோடியில், வேலிக்கு அந்தப் பக்கம், மாற்று வீச்சாளர்களை அடைத்து வைக்கும் இடத்தைப் பட்டி என்போம். ஏழு பேர், ஒரு நீளப் பெஞ்சு, சுவரில் ஒரு தொலைபேசி. மணி அடிக்கும். பட்டிக்குப் பொறுப்பான கோச் ஹார்லன் எடுத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். “விட், எழுந்து எறி. சும்மா காட்டத்தான்.” எதிர் அணி மேனேஜர் தூரத்திலிருந்து பார்த்து, ஓ, இடது கைக்காரன் தயாராகிறான் என்று பயப்பட வேண்டும். நான் எறிவேன். அவர் பயப்பட மாட்டார். என்னை உட்காரச் சொல்வார்கள். அந்த ஆகஸ்டில் மட்டும் பத்தொன்பது முறை எழுந்து எறிந்தேன். ஆட்டத்துக்குள் போனது இரண்டு முறை. பட்டியில் எறியும் பந்துகளை எந்தப் புத்தகத்திலும் எழுத மாட்டார்கள். ஆனால் என் முழங்கைக்கு அது தெரியாது. அதற்கு வலித்தது.

அந்த வியாழக்கிழமை பகல் ஆட்டம். பதினொரு மணிக்கு உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தேன். என் அலமாரிக்குப் பக்கத்து அலமாரி ஜூனிலிருந்து காலியாகக் கிடந்தது. இப்போது அதில் பெயர்ப் பலகை தொங்கியது. கிரெய்க் பாய்ஸ், எங்கள் அணியின் நிஜமான இடது கை வீச்சாளன், முதுகுப் பிடிப்பென்று போனவன், குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன விட், எப்படி இருக்கே?”

“நீ குனியறவரைக்கும் நல்லா இருந்தேன்.”

அவன் சிரித்தான். நல்ல பையன். முதுகும் நன்றாக வளைந்தது.

ஐந்து நிமிஷத்தில் மேனேஜர் ராஸ்கோ பெல்டியர் கதவருகில் தலையை நீட்டினார். “விட்டெக், ஆட்டம் முடிஞ்சதும் என் ரூமுக்கு ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ.”

அந்த ஒரு நிமிஷம் எனக்குப் புதிதல்ல. பதினோரு தடவை உட்கார்ந்திருக்கிறேன். கீழ் லீக்குக்கு விமான டிக்கெட், தோளில் ஒரு தட்டு, ‘தயாரா இரு, கூப்பிடுவோம்’ என்று ஒரு வாக்கியம். முப்பது வயதில் கூப்பிட்டார்கள். முப்பத்து நான்கில் கூப்பிட்டார்கள். எனக்கு இப்போது முப்பத்தேழு. பன்னிரண்டாவது தடவை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், முதுகு வளைகிற பாய்ஸுக்கும் தெரியும்.

ஆக, அது என் கடைசி ஆட்டம். எனக்கு ஒரே ஒரு வெற்றி வேண்டியிருந்தது. ஒன்று. பதினான்கு வருஷத்தில் ஒரு மதியமாவது நான் வந்ததால் ஏதோ ஒன்று நடந்தது என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். பட்டியில் கொலுப் பொம்மையாக உட்கார்ந்திருப்பவனுக்கு அது கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

அன்செல்மோ டெஹேரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டொமினிக்கன் குடியரசில் பானி என்ற ஊர்க்காரன். மைதானத்தின் வலது கோடியில் பந்து பிடிப்பது அவன் வேலை. அவனுக்கு முப்பத்து நான்கு வயது, அவன் முழங்காலுக்கு அறுபது. கீழ் லீக்கில் மூன்று ஊர்களில் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். அவன் வாழைக்காய் வறுக்கும்போதெல்லாம் புகை அலாரம் அடித்து, நான் துண்டால் விசிறிக்கொண்டு நிற்பேன்.

“கிழவா, பாய்ஸ் பலகையைப் பாத்தேன். இன்னைக்கேவா?”

“ஆட்டம் முடிஞ்சதும்.”

“சே. உனக்கு முன்னாடி நான் போயிருக்கணும்டா. ஞாயித்துக்கிழமை ரெண்டு விட்டேன்ல. பெல்டியர் கூப்பிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? இன்னொரு பிழை உன் பேர்ல ஏறுச்சுன்னா, மேல இருக்கறவங்ககிட்ட உனக்காகப் பேச என்கிட்ட வார்த்தை இல்லன்னுட்டாரு.”

“இருந்தப்ப மட்டும் பேசிட்டாரா?”

“அதைத்தான் நானும் கேக்கணும்னு நினைச்சேன். ஸ்பானிஷ்லதான் வந்துச்சு, வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டேன்.”

ஏழாவது இன்னிங்ஸ்வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. நாங்கள் நான்கு, அவர்கள் இரண்டு. பிறகு எங்கள் வீச்சாளன் களைத்துப்போய் மூன்று தளங்களிலும் எதிர் அணி ஆட்களை ஏற்றிவிட்டான். ஒரு அவுட்தான்; மூன்று ஆனால்தான் இன்னிங்ஸ் முடியும். அடுத்து வரும் மூன்று பேரும் வலது கை மட்டையாளர்கள். குழந்தைக்கும் தெரியும், இது கோல்பி ரன்யனுக்கான இடம் என்று. கோல்பிக்கு இருபத்து நான்கு வயது, வலது கை, மணிக்கு நூறு மைல் வேகம். என்னை ‘சார்’ என்று கூப்பிடும் ஒரே ஆள் அவன்தான்; அதனாலேயே அவனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

பட்டித் தொலைபேசி அடித்தது. ஹார்லன் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கோல்பி, நீ தயாராகு. விட், நீயும் எறி. சும்மா காட்டத்தான்.”

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மைதான ஓரத்தில் அணி உட்காரும் பள்ளத்தில் இருக்கும் மேனேஜர் வீச்சாளனை மாற்ற நினைத்தால் மேட்டை நோக்கி நடப்பார். போகிற போக்கில் தன் வலது கையையோ இடது கையையோ தட்டிக் காட்டுவார். எந்தக் கையைத் தட்டினாரோ அந்தக் கைக்காரன் வர வேண்டும். அம்பயர் அதைப் பார்த்துப் பட்டிக்குச் சைகை காட்டிவிட்டால் அது முடிந்த கதை. மனசை மாற்றிக்கொள்ள முடியாது.

இன்னொன்று. ராஸ்கோ பெல்டியர் ஜூலையில் மெல்லும் புகையிலையை விட்டிருந்தார். ஆசை அடங்க டாக்டர் ஒரு மருந்துப் பட்டையை அவர் இடது புஜத்தில் ஒட்டியிருந்தார். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது.

பெல்டியர் பள்ளத்திலிருந்து வெளியே வந்தார். நாலு எட்டு நடந்தார். அரிப்புத் தாங்காமல் இடது புஜத்தைப் பரபரவென்று மூன்று முறை சொறிந்தார்.

அம்பயர் மக்கார்டில் பட்டியைப் பார்த்துத் தன் இடது கையைத் தூக்கினார்.

வேலிக் கதவு திறந்தது. நான் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

“உன்னைத்தான்டா,” என்றார் ஹார்லன்.

“என்னையா? எதுக்கு?”

“போய்க் கடுதாசி போட்டுக் கேளு. ஓடு!”

ஓடினேன். முப்பதாயிரம் பேர் முணுமுணுக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? தேன்கூட்டுக்குள் தலையை விட்டது போல இருக்கும். மேட்டை நெருங்கும்போது பெல்டியர் அம்பயரின் மூக்குக்குக் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“கோல்பியை வரச் சொல்லுய்யா! நான் கேட்டது கோல்பி!”

“இடது கையைத் தட்டினீங்க.”

“தட்டலய்யா, சொறிஞ்சேன்!”

“மூணு தடவை தட்டினீங்க.”

“மூணு தடவை சொறிஞ்சேன்! இங்க பாரு!” சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி அந்தப் பட்டையைக் காட்டினார். “புகையிலை விடறதுக்கு ஒட்டினது. உயிர் போற மாதிரி அரிக்குது!”

மக்கார்டில் குனிந்து பொறுமையாகப் பார்த்தார். “ஆமா. இடது கைலதான் இருக்கு.”

“யோவ், வர்றது மூணும் வலது கைக்காரனுங்க. இவனைத் தவிர யாரை வேணாலும் குடு. பாப்கார்ன் விக்கறவனைக் கூடக் குடு!”

நான் கை எட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். “வணக்கம், பாஸ்,” என்றேன்.

பெல்டியர் என்னைப் பார்க்கவேயில்லை. பந்தை என் கையுறைக்குள் போட்டார், தெருநாய்க்கு எதையோ போடுவது போல. எங்கள் கேட்சர் மட்டும் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். “விட், உன்னை யாரும் கூப்பிடல. அதனால எதிர்பார்ப்பும் இல்ல. நிம்மதியா எறி.”

பதினான்கு வருஷம் இந்த ஆட்டத்துக்காகத் தோளை அறுத்துத் தைத்துக்கொண்டவன் நான். என்னை ஓர் அரிப்பு கூப்பிட்டிருக்கிறது, அந்த அரிப்பும் மன்னிப்புக் கேட்கிறது.

முதல் ஆள் அலமாரி சைஸில் இருந்தான். நான் பக்கவாட்டில் கையை வீசி எறிபவன். என் வேகம் எண்பத்து நான்கு மைல், பின்னாலிருந்து காற்றடித்தால் எண்பத்தைந்து. இரண்டாவது பந்தை அவன் மட்டையின் கழுத்தால் கிளப்பினான். பந்து வலது பக்கம் குட்டையாக உயர்ந்தது. அன்செல்மோ அந்த அறுபது வயது முழங்காலோடு முன்னால் ஓடி வந்தான், பாய்ந்தான், கையை நீட்டினான்.

பந்து கையுறையின் நுனியில் உரசியது. எனக்குத் தெரிந்தது. உரசாத பந்து விழுந்த இடத்தில் எழும்பியிருக்கும். இது விலுக்கென்று திரும்பி அவனுக்குப் பின்னால் எல்லைக் கோட்டை நோக்கி உருண்டது. இரண்டு பேர் ஓடி வந்து ரன் எடுத்தார்கள். நான்குக்கு நான்கு. பெரிய பலகையில் சுத்தமான அடி என்று விளக்கு எரிந்தது, பிழை என்று எரியவில்லை. ஸ்கோர் எழுதும் அம்மாவுக்கு அது உரசியது தெரியவில்லை.

நான் அன்செல்மோவைப் பார்த்தேன். அவன் தரையில் உட்கார்ந்தபடி தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ஆள் நேராக வானத்தைப் பார்த்து அடித்தான். கேட்சர் பிடித்தான். மூன்றாவது ஆளுக்கு ஆறு பந்துகள். கடைசிப் பந்து அவன் இடுப்பை நோக்கிக் கிளம்பி, பாதி வழியில் மனசு மாறி, ஓரமாக, அவன் அடித்தாக வேண்டிய எல்லைக்குள் வந்து சேர்ந்தது. அவன் மட்டையைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை. மூன்றாவது ஸ்ட்ரைக், ஆள் அவுட். இன்னிங்ஸ் முடிந்தது. முப்பதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். தேன்கூடு இல்லை, வேறு சத்தம். அதைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் முறை வந்ததும் அன்செல்மோ முதல் பந்தையே இடது பக்கச் சுவரில் மோதும்படி அடித்தான்; தளத்தில் நின்ற எங்கள் ஆள் ஓடி வந்தான். ஒரு ரன். ஐந்துக்கு நான்கு. கோல்பி அடுத்த இரண்டு இன்னிங்ஸையும் ஆறே ஆளோடு முடித்தான். ஆட்டம் எங்களுக்கு.

பள்ளத்தில் உட்கார்ந்து ஐஸோடு கணக்குப் போட்டேன். கடைசியாக முன்னிலைக்கு வந்தது ஏழாவது இன்னிங்ஸில். அதற்கு முன்புவரை வீசியது நான். மறுபடியும் போட்டேன். நானேதான்.

பெரிய லீக்கில் முதல் வெற்றி வாங்கியவனை என்ன செய்வார்கள் என்று நான் பதினான்கு வருஷம் பார்த்திருக்கிறேன். அழுக்குத் துணி தள்ளும் வண்டியில் தூக்கிப் போட்டு, குளிக்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், கையில் கிடைப்பதையெல்லாம் தலையில் கொட்டுவார்கள். எத்தனையோ பொடியன்கள் தலையில் நானே கொட்டியிருக்கிறேன். அன்றைக்கு என்னைத் தூக்கினார்கள். அன்செல்மோதான் தலைமை. பீர், தக்காளி சாஸ், கடுகு, சாக்லேட் பால், சவரம் செய்யும் நுரை, யாரோ ஒரு படுபாவி முட்டை. முதுகு சரியான பாய்ஸ் ஒரு வாளி ஐஸ் தண்ணீர்.

“முப்பத்தேழு வயசுக் குழந்தை!” என்று கத்தினான் அன்செல்மோ. “பொறந்துடுச்சுடா! பொறந்துடுச்சு!”

நான் அழுதேன். கடுகு கண்ணில் பட்டதால்தான்.

அப்போது பத்திரிகைக்காரர்களைக் கவனிக்கும் இளைஞன் ஒரு தாளோடு உள்ளே வந்து, வழக்கம் போல வாசித்தான். “வெற்றி, கோல்பி ரன்யன். இந்தப் பருவத்தில் ஒன்பதாவது.”

என் காதிலிருந்து சாக்லேட் பால் சொட்டும் சத்தம் கேட்டது.

“எனக்கா?” என்றான் கோல்பி. “எனக்குத்தான் ஏற்கெனவே எட்டு இருக்கே. சார், நான் எதுவும் கேக்கல சார்.”

விதிப் புத்தகத்தில் ஓர் இடுக்கு இருக்கிறது. வெற்றிக்கு உரிய மாற்று வீச்சாளன் சுருக்கமாகவும் பயனற்றும் வீசியிருந்தால், ஸ்கோர் எழுதுபவர் அதை அவனிடமிருந்து எடுத்து, பின்னால் வந்து நன்றாக வீசியவனுக்குக் கொடுக்கலாம். சுருக்கமாகவும், பயனற்றும். அந்த வார்த்தைகளை அந்த இளைஞன் தாளில் விரல் வைத்துக் காட்டினான்.

வண்டியிலிருந்து இறங்கினேன். கால்சட்டை, குளியலறைச் செருப்பு, தலையில் முட்டை. ஸ்கோர் எழுதுபவருக்குத் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ள இருபத்து நான்கு மணி நேரம் உண்டு. எனக்கு அவ்வளவு நேரம் இல்லை. ஆட்டக்காரர்கள் மேல்மாடிக்குப் போகக் கூடாது. போனேன். லிஃப்டில் இருந்த இரண்டு பத்திரிகைக்காரர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

திருமதி ஹூக்ஸ்ட்ரா முப்பத்தொரு வருஷம் பள்ளியில் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தவர். இப்போது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்கோர் எழுதி எங்களுக்கு மதிப்பெண் போடுகிறார். முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் தலையைப் பார்த்தார், சாண்ட்விச்சைப் பார்த்தார், அதைக் கீழே வைத்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு செய்தித்தாளை விரித்தார்.

“உட்காருங்க, மிஸ்டர் விட்டெக்.”

“உட்கார வரல, டீச்சர். அந்த ரெண்டு ரன்னும் என்னோடது இல்ல. நான் வர்றதுக்கு முன்னாடியே அவனுங்க தளத்துல நின்னுட்டிருந்தானுங்க!”

“தெரியும். ரன்னை முன்னாடி இருந்தவர் பேர்லதான் எழுதியிருக்கேன். ஆனா நீங்க வீசும்போதுதானே உள்ள வந்தாங்க? விதி அதையும் பாக்கச் சொல்லுது.”

“விதி என்னைச் சுருக்கமானவன், பயனத்தவன்னு எழுதச் சொல்லுதா?”

“உங்களை இல்ல. பந்துவீச்சை.”

“சுருக்கமா வர்றதுதான் டீச்சர் என் வேலையே! அதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க! மூணு பேருக்கு வீசுன்னு ஒரு விதி. மூணு பேருக்கு வீசினா சுருக்கம்னு இன்னொரு விதி. ரெண்டையும் எழுதினவன் ஒரே ஆளா, இல்ல ஒருத்தன் மூஞ்சியில இன்னொருத்தன் முழிக்கறதே இல்லையா?”

“கத்தாதீங்க.”

“கத்துவேன்! என்னைக் கூப்பிட்டதே ஒரு அரிப்பு! வேண்டாம் வேண்டாம்னு அந்த ஆளு ஊரே கேக்கக் கத்தினாரு. அதுக்கப்புறமும் மூளை கெட்டவன் மாதிரி நின்னு ரெண்டு பேரை அவுட் ஆக்கியிருக்கேன். நாளைக்கு நான் இங்க இல்ல, டீச்சர். நாளைக்கு நான் எங்கயுமே இல்ல.”

இதைச் சொல்ல நினைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. தாளின் மேல் உட்கார்ந்தேன். அது ‘சளக்’ என்றது.

திருமதி ஹூக்ஸ்ட்ரா தன் முன்னாலிருந்த திரையை என் பக்கம் திருப்பினார். “இதை ஒம்பது தடவை பாத்தேன். நீங்களும் பாருங்க.”

அன்செல்மோ ஓடி வருகிறான். பாய்கிறான். சரியாக அந்த நொடியில் இரண்டாம் தளத்தைக் காக்கும் எங்கள் ஆள் குறுக்கே ஓடி, தன் அகலமான முதுகால் எல்லாவற்றையும் மறைக்கிறான். வேறு கோணத்திலும் அதே முதுகு.

“கையுறையில பட்டிருந்தா, அது பிடிச்சிருக்க வேண்டிய பந்து. பிழைன்னு மாத்திடுவேன். பிழைன்னா அந்த ரெண்டு ரன்னுக்கும் வீச்சாளர் பொறுப்பில்ல. அப்ப நீங்க பயனத்தவரும் இல்ல. வெற்றி உங்க பேருக்கு வந்துடும். எனக்கும் அதுதான் ஆசை, நிஜமா.” பென்சிலை எடுத்துக்கொண்டார். அழிரப்பர் பக்கம் கீழே இருந்தது. “நீங்க நேரா பாத்துட்டு நின்னீங்க. பட்டுச்சா?”

எனக்கு அந்தப் பெண்மணி மேல் வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? என்னிடமா கேட்பது? ஐந்து கேமரா வைத்திருக்கிறார்கள், ரசிகன் மூக்கு நோண்டினால்கூடப் பெரிய திரையில் காட்டுகிறார்கள். ஒரு தோல் கையுறையில் பந்து உரசியதா என்று நான் சொல்ல வேண்டுமாம். பட்டது என்று ஒரு வார்த்தை. பொய்கூட இல்லை. அதைச் சொன்னால் எனக்கு ஒரு வெற்றி, அன்செல்மோவுக்கு இன்னொரு பிழை. பெல்டியரிடம் அவனுக்காகப் பேச வார்த்தை இருக்காது.

நட்பு, தியாகம் என்றெல்லாம் நினைத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் நினைத்தது வேறு. நாளைக் காலை ஒரே விமானத்தில் அவனும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூடத் திட்டாமல், தன் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வைப்பான். அதை என்னால் தாங்க முடியாது.

“படல,” என்றேன்.

“நிச்சயமா?”

“ரெண்டு அடி தள்ளி விழுந்துச்சு.”

“மைதானத்துல ஒரு மேடு இருந்து திரும்பிச்சுங்கறீங்களா?”

“புல்லு சரியில்ல, டீச்சர். ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கோம்.”

அவர் பென்சிலை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மிஸ்டர் விட்டெக், உங்களை மாதிரி நேர்மையான மனுஷனை நான் இந்த அறையில பாத்ததில்ல.”

பதினான்கு வருஷம் உண்மையாக எறிந்ததற்கு எவனும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. முதல் பொய்க்குப் பாராட்டுப் பத்திரம். லிஃப்டில் இறங்கும்போது சுவரை ஒரு உதை உதைத்தேன். குளியலறைச் செருப்பு. விரல் இன்னும் வலிக்கிறது.

உடை மாற்றும் அறையில் அன்செல்மோ மட்டும் காத்திருந்தான். “டீச்சரைப் பாத்தியா? குடுத்தாங்களா?”

“இல்ல.”

“ஏன் இல்ல? என் கையுறையில பட்டுச்சே! இதோ, இந்த விரல்ல, தோலு உரிஞ்சிருக்கு பாரு. சொன்னியா இல்லியா?”

நான் முட்டை ஓட்டை முடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

“கிழவா. என்ன சொன்னே?”

“படலன்னு.”

அவன் என்னையே பார்த்தான். பிறகு ஸ்பானிஷில் ஆரம்பித்தான். பாதி புரிந்தது, மீதியை ஊகித்தேன். என் அம்மாவைப் பற்றி ஒன்றும் நல்லதாக இல்லை.

“யாரைக் கேட்டுச் சொன்னே? நான் உன்கிட்டப் பிச்சை கேட்டனா? என் பிழை என் பேர்ல இருக்கட்டும்டா! ஜெயிக்க வெச்ச அடியும் என்னுதுதான், பெல்டியர் அதையும் பாக்கட்டும்! பதினாலு வருஷத்துக்கு ஒண்ணு வருது, அதைத் தூக்கிப் போட்டுட்டு வர்றான் பெரிய தர்மப்பிரபு!”

“நீ வீட்டுக்குப் போனா உன் சமையல் யாரு சாப்பிடறது?”

“அலாரம் சாப்பிடும்!” சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து மேல்மாடிக்கு அடித்தான். நான் பிடுங்கப் போனேன். ஒரு கையால் என் நெஞ்சைத் தள்ளிக்கொண்டே பேசினான். கடுகில் அவன் கை வழுக்கியது. “டீச்சர், நான் டெஹேரா. வலது கோடி. அந்தப் பந்து என் கையுறையில பட்டுச்சு. என் பிழைதான். எழுதிக்கங்க. விட்டெக் சொன்னது பொய்.”

அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது. வகுப்பறையின் கடைசி பெஞ்சுவரை போய்ப் பழகிய குரல்.

“மிஸ்டர் டெஹேரா, இதுல லாபம் அடைய வேண்டிய ஆளே படலன்னு என் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டாரு. அவருக்குப் பொய் சொல்ல என்ன காரணம் இருக்கு? நீங்க உங்க நண்பருக்காகப் பேசறீங்க, எனக்குப் புரியுது. நான் முப்பத்தொரு வருஷம் பசங்களைப் பாத்தவ. சிநேகிதனுக்காகப் பொய் சொல்ற பையன் குரல் சரியா இப்படித்தான் இருக்கும்.”

வைத்துவிட்டார்.

அன்செல்மோ ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றான். மறுபடி அடித்தான். யாரும் எடுக்கவில்லை. “நான் உண்மையைத்தானே சொன்னேன்,” என்றான். “உண்மையைத்தானேடா சொன்னேன்?”

“சரியாச் சொல்லத் தெரியல உனக்கு.”

“நீ எப்படிச் சொன்னே?”

“ரெண்டு அடின்னு அளவோட சொன்னேன்.”

அவன் என் மேல் துண்டை வீசினான். குறி தவறாமல் முகத்தில் விழுந்தது. வலது கோடியிலிருந்து எறிந்து பழகிய கை.

இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. எவனிடம் கோபப்படுவது என்று பட்டியல் போட்டேன். குளிர் அறையில் விதி எழுதியவர்கள், அம்பயர், அகலமான முதுகுக்காரன், அல்ஜீப்ரா டீச்சர், தொலைபேசியில்கூட ஒழுங்காக உண்மை பேசத் தெரியாத டொமினிக்கன். பட்டியலில் என் பெயரையும் சேர்த்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அங்காவது நான் ஜெயிக்க வேண்டும்.

பெல்டியர் தன் அறைக் கதவைத் திறந்து கூப்பிட்டார். “விட்டெக், ஒரு நிமிஷம்.”

முதலில் குளித்துவிட்டு வரலாமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனேன். விருந்தாளிகளுக்கென்று அவர் புதிதாக வாங்கிப் போட்டிருந்த வெளிர் நிறத் துணி நாற்காலியில், பீரும் கடுகும் சாக்லேட் பாலும் சொட்டச் சொட்ட உட்கார்ந்தேன். அவர் விமானம், கீழ் லீக், தயாராக இரு, கூப்பிடுவோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டேன்.